விரலில் ஒட்டிய விளக்கு

ஜனவரி 6, திங்கள்

இன்று முதல் நடப்பது எதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். பென்சிலால் எழுதினால் பிறகு அழிக்க ஆசை வரும் என்பதால் பேனாவால் எழுதுகிறேன். எனக்குப் பாதகமாக ஏதாவது நடந்தாலும் எழுதுவேன். இதுவரை அப்படி எதுவும் நடக்கவில்லை.

என் பெயர் கு. அருள்மங்கை. விருத்தாசலம் நாச்சியார் அம்மாள் நினைவுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு. இன்று காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை வத்சலா மிஸ் என்னை மின்சிக்கனப் படையின் தலைவியாக அறிவித்தார்கள். மாவட்டத்திலேயே மின்சாரத்தை அதிகம் மிச்சப்படுத்தும் பள்ளிக்குக் கேடயம் உண்டு, படைத்தலைவிக்குப் பதக்கமும் உண்டு. பச்சை மையில் கையெழுத்திட்ட சுற்றறிக்கை சொல்கிறது: "கடைசி மணி அடித்து அரை மணி நேரத்துக்குப் பின் வகுப்பறைக் கட்டடத்தில் ஒரு விளக்குகூட எரியக் கூடாது." ஒவ்வொரு விளக்காக அணைத்தால் மறதி வரலாம். அதனால் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுவது என்று முடிவு செய்தேன். சுவிட்ச் அறைச் சாவி இப்போது என் கழுத்துக் கயிற்றில் இருக்கிறது.

வீட்டிலும் பயிற்சி செய்தேன். குளியலறை விளக்கு ஒன்பது நிமிடமாக எரிந்துகொண்டிருந்தது. அணைத்தேன்.

"ஏய், உள்ள உங்கப்பா இருக்காருடி!" என்று அம்மா கத்தினாள்.

அப்பா முகத்தில் சோப்போடு ஒரு வார்த்தை சொன்னார். அதை மட்டும் எழுதவில்லை. அது இந்த நாட்குறிப்பின் நோக்கத்துக்கு வெளியே உள்ளது.

மாலை 4.36. விளக்குகள் அணைக்கப்பட்டன.

ஜனவரி 8, புதன்

அடுத்த மாதம் ஆறாம் தேதி பள்ளியின் பவள விழா. மேடையில் உட்காரப் போகும் முப்பது பேருக்கும் நினைவுப் பரிசாகச் சுடுமண் தட்டு தரப்போகிறோம். தட்டின் நடுவில் எங்கள் பள்ளிச் சின்னமான குத்துவிளக்கு இருக்கும். பொறுப்பு எஸ்தர் மிஸ்ஸிடம். அவர்கள் எங்கள் கைத்தொழில் ஆசிரியை. தற்காலிகம். திங்கள், புதன், வெள்ளி மதியம் மட்டும் வருவார்கள். காலையில் நெய்வேலியில் இன்னொரு பள்ளி. பன்னிரண்டு மணிக்கு மேல் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஓடிக்கொண்டேதான் உள்ளே வருவார்கள்.

செய்முறையைக் கவனமாகக் குறித்துக்கொண்டேன். தட்டு ஏற்கெனவே குயவர் சூளையில் ஒருமுறை சுட்டு வாங்கியது. அதில் விளக்கின் கோடுகள் கீறப்பட்டிருக்கும். இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்துத் தட்டு முழுக்கப் பூச வேண்டும். ஈரப் பஞ்சால் துடைத்தால் மேட்டில் உள்ளது போய்விடும், கோட்டுக்குள் உள்ளது நிற்கும். பிறகு மின்சூளையில் ஆயிரம் டிகிரி. அப்போது கரைசலில் சேர்த்திருக்கும் ஃபிரிட் என்னும் கண்ணாடிப் பொடி உருகி, ஆக்சைடைத் தட்டோடு பிடித்துக்கொள்ளும்.

சோதனைக்காக நான்கு தட்டுகள் வைத்தோம். சூடேற ஏழரை மணி நேரம் ஆகும். 12.40க்குச் சூளையை முடுக்கிவிட்டு, மிஸ் காவலாளி பாவாடை அண்ணனிடம் சொன்னார்கள்: "அண்ணே, எட்டு மணிக்கு மேல தானா நின்னுடும். நீங்க தொட வேணாம்."

"நான் ஏன் மிஸ் தொடப்போறேன்? எனக்கென்ன தலையெழுத்தா?"

சூளை இருக்கும் அறை வகுப்பறைக் கட்டடத்தின் கடைசியில் உள்ளது. வாசலில் கல்வெட்டு: "தனி மின்இணைப்புடன் கூடிய சுடுமண் கலைக்கூடம், திறந்து வைத்தவர்…" பெயரில் ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் "தனி மின்இணைப்பு" நன்றாகத் தெரிகிறது.

என் தோழி ஷமீமா, "விழா நல்லா நடந்தாத்தான் எஸ்தர் மிஸ்ஸுக்கு அடுத்த வருஷம் வேலையாம். ஆபீஸ் ரூம்ல பேசிக்கிட்டாங்க" என்றாள். ஒட்டுக்கேட்பது தவறு என்றேன். பிறகு வேறு என்ன பேசினார்கள் என்று கேட்டேன்.

4.35. விளக்குகள் அணைக்கப்பட்டன. முந்தாநாளைவிட ஒரு நிமிடம் முன்னதாகவே.

ஜனவரி 10, வெள்ளி

சூளை திறக்கப்பட்டது. தட்டுகள் பார்க்க அழகாக இருந்தன. தலைமையாசிரியை ஒன்றை எடுத்து விளக்கின் மேல் கட்டைவிரலை வைத்தார்கள். விரலில் விளக்கு வந்துவிட்டது. அதே விரலால் வருகைப் பதிவேட்டைப் புரட்ட, பதினொன்றாம் வகுப்பு முழுவதும் செம்மண் நிறத்தில் வருகை தந்தது.

"என்ன எஸ்தர் இது? குங்குமமா?"

"ஃபிரிட் உருகலை மேடம். கடைக்காரன் வேற பவுடர் குடுத்துட்டான் போல."

எஸ்தர் மிஸ் பாவாடை அண்ணனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அண்ணே, எட்டு மணிக்குப் போய்ப் பாத்தீங்களா? ஃபர்னஸ் நின்னுடுச்சா?"

"பாத்தேனே. நின்னுதான் இருந்துச்சு."

"கரெக்டா நின்னுதா?"

"அதைவிட எப்படி மிஸ் நிக்கும்? அசையாம நின்னுச்சு."

வேறு கடையில் புது ஃபிரிட் வாங்கி வந்து இரண்டாவது சோதனை போட்டார்கள்.

பாவாடை அண்ணன் என்னிடம் தனியாக ஒரு குறை சொன்னார். ராத்திரி சாப்பாட்டு டப்பாவைச் சூளையின் மேல் வைத்தாராம், எட்டு மணிக்குப் பார்த்தால் ரசம் ஆறிச் சில்லிட்டிருந்ததாம். "ஆயிரம் டிகிரின்றாங்க. என் ரசத்தைக்கூட சுட வைக்கல." சூளை அவருடைய ரசத்துக்காக வாங்கப்பட்டதல்ல என்று பணிவுடன் எடுத்துச் சொன்னேன்.

4.34. விளக்குகள் அணைக்கப்பட்டன.

ஜனவரி 13, திங்கள்

இரண்டாவது சோதனையும் பொடி. இந்த முறை ஷமீமாவின் தாவணியில்.

வேதியியல் ஆசிரியர் நாகரத்தினம் சார் வந்து தட்டை முகர்ந்து பார்த்தார். "தண்ணிதாம்மா. நம்ம ஊரு போர் தண்ணியில உப்பு. உப்பு மேல வந்து ஆக்சைடைத் தள்ளுது."

"அப்படித் தள்ளுனா வெள்ளையாப் பூக்கும் சார். இது வெறும் சிவப்புத் தூள்."

"நான் முப்பது வருஷமா கெமிஸ்ட்ரி எடுக்குறேன்."

எஸ்தர் மிஸ் ஆய்வகத்திலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி மூன்றாவது கரைசல் கலக்கினார்கள். ஆனால் பொங்கல் விடுமுறை தொடங்குவதால் மதியமே மணி அடித்துவிட்டது. "லீவுல ஒருநாள் வந்து சுட்டுக்கிறேன்" என்றார்கள். விடுமுறையில் வந்தால் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. இது ஷமீமா சொன்ன தகவல்.

நாளை திட்டக்குடி அத்தை வீட்டுக்குப் போகிறேன். பாவாடை அண்ணனிடம் மாற்றுச் சாவி இருக்கிறது.

1.10. விளக்குகள் அணைக்கப்பட்டன.

ஜனவரி 16, வியாழன். திட்டக்குடி

அத்தை வீட்டில் எல்லா அறையிலும் விளக்கு. அறிவுரை சொன்னேன். "இவளை நாளைக்கே பஸ் ஏத்தி விடுங்க" என்று அத்தை மாமாவிடம் சொன்னாள்.

ஜனவரி 20, திங்கள்

வெற்றி! வெற்றி!

காணும் பொங்கலன்று எஸ்தர் மிஸ் தனியாக வந்து சுட்ட உபரித் தட்டு இன்று வெளியே வந்தது. குத்துவிளக்கின் கோடுகள் கருஞ்சிவப்பாக, மிக லேசாக மினுங்கின. விரலால் தேய்த்தோம், ஈரத்துணியால் தேய்த்தோம். நாகரத்தினம் சார் காசால் சுரண்டினார். ஒன்றும் ஆகவில்லை. எஸ்தர் மிஸ் அந்தத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "ஆண்டவரே" என்றார்கள்.

"தண்ணி" என்றார் நாகரத்தினம் சார், யாரும் கேட்காவிட்டாலும்.

தலைமையாசிரியை தாம் மாட்டுப்பொங்கலன்று கொளஞ்சியப்பர் கோயிலில் அர்ச்சனை செய்ததே காரணம் என்றார்கள். இருவரும் தாளாளரிடம் தனித்தனியே தொலைபேசியில் பேசினார்கள்.

உடனே வகுப்பே சேர்ந்து மீதி இருபத்தாறு தட்டுகளுக்கும் அதே கரைசல், அதே பிரஷ், அதே பஞ்சு. 12.45க்குச் சூளை முடுக்கப்பட்டது. மிஸ் முதல்முறையாகப் பஸ்ஸுக்கு ஓடாமல் நடந்து போனார்கள்.

நானும் உற்சாகமாக என் கடமையைச் செய்தேன். போன மாதத்தைவிட மின் அளவு குறைந்திருக்கிறது. தலைமையாசிரியை என் பதிவேட்டில் போன வாரப் பக்கத்தில் பச்சை மையில் கையெழுத்திட்டார்கள். படித்துப் பார்க்கவில்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

4.31. விளக்குகள் அணைக்கப்பட்டன. இதுவரை இல்லாத வேகம்.

ஜனவரி 22, புதன்

இருபத்தாறும் பொடி.

எஸ்தர் மிஸ் சூளையின் முன்னால் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு தட்டாக எடுத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே போனார்கள். பதினெட்டாவது தட்டில் நிறுத்திவிட்டார்கள். பத்து விரலும் சிவந்திருந்தன. பிறகு எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் போட்டுக் கழுவ ஆரம்பித்தார்கள். உருகாததால் கழுவினால் போய்விடுகிறது, தட்டைத் திரும்பப் பயன்படுத்தலாம். இந்தத் தோல்வியில் உள்ள ஒரே நன்மை அது.

மாலையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. தலைவர்: வத்சலா மிஸ். உறுப்பினர்: நாகரத்தினம் சார். பதிவுச் செயலர்: நான்! கையெழுத்து அழகாக இருப்பதால். பக்க எண் போட்ட நோட்டு தந்து, "ஒரு பக்கமும் கிழிக்கக் கூடாது. ஒரு வரியும் அடிக்கக் கூடாது" என்றார்கள் தலைமையாசிரியை. என் கொள்கையும் அதுதான் என்றேன்.

பாவாடை அண்ணன் வாசலில் நின்று, "மேடம், அந்த ஃபர்னஸ் சாயங்காலத்துக்கு மேல சூடே…" என்று தொடங்கினார்.

"பாவாடை, குழு நடக்குது. டீ சொல்லிட்டு வாங்க."

4.40. குழுக் கூட்டத்தால் தாமதம். விளக்குகள் அணைக்கப்பட்டன.

ஜனவரி 23, வியாழன்

குழுவின் முதல் முடிவு: சூளையைக் கிழக்குப் பார்த்துத் திருப்புவது. இதை நாகரத்தினம் சார் வேதியியல் ஆசிரியராக அல்ல, வீடு கட்டிய அனுபவத்தில் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் எட்டுப் பேர் சேர்ந்து திருப்பினார்கள். இப்போது கதவைத் திறந்தால் சுவரில் இடிக்கிறது.

நான் என் பங்குக்கு, வெற்றி பெற்ற பொங்கல் தட்டுக்கும் மற்றவற்றுக்கும் என்னென்ன வேறுபாடு என்று பட்டியல் எடுத்தேன். அன்று பள்ளியில் மணி அடிக்கவில்லை. அன்று கழிவறை கழுவும் பினாயில் வாசனை இல்லை. அன்று மிஸ் கரும்பு தின்றார்கள். அன்று சத்துணவுக்கூடத்தில் அடுப்பு எரியவில்லை. இப்படியாக இருபத்திரண்டு.

ஷமீமா படித்துவிட்டு, "இருபத்து மூணாவது விட்டுட்டியே. அன்னைக்கு நீ இல்ல" என்றாள்.

விசாரணையின் தீவிரம் அவளுக்குப் புரியவில்லை. இருந்தாலும் முழுமைக்காகச் சேர்த்துக்கொண்டேன். 23: பதிவுச் செயலர் ஊரில் இல்லை. தொடர்பற்றது.

4.33. விளக்குகள் அணைக்கப்பட்டன.

ஜனவரி 24, வெள்ளி

குழுவின் இரண்டாம் கூட்டம். தலைமையாசிரியை, "பொடி ஒட்டலைன்னா மேல வார்னிஷ் அடிச்சுட்டா என்ன?" என்றார்கள்.

"அடிக்கலாம் மேடம். மரச்சாமான் மாதிரி இருக்கும். அப்புறம் சுடுமண் கலைக்கூடம்னு ஏன் போட்டிருக்கோம்?" என்றார்கள் எஸ்தர் மிஸ்.

"பேச்சு நல்லாத்தான் இருக்கு எஸ்தர். தட்டுதான் நல்லா இல்ல. சீஃப் கெஸ்ட் வெள்ளை வேட்டியில வர்றவரு. மடியில வெச்சு விளக்கு அச்சாச்சுன்னா நான் எங்க போய் நிப்பேன்?"

திங்கள்கிழமை கடைசிச் சோதனை. சூளையின் முன் பதிவுச் செயலர் உட்கார்ந்து வெப்பநிலையைக் குறிக்க வேண்டும் என்று தீர்மானம். அதுவும் பொடியானால் எஸ்தர் மிஸ்ஸின் பணி நீட்டிப்பு பற்றிக் குழு "யோசிக்கும்". எழுதும்போது தலைமையாசிரியை அந்தச் சொல்லை அழுத்திச் சொன்னார்கள்.

4.35. விளக்குகள் அணைக்கப்பட்டன.

ஜனவரி 27, திங்கள்

மதியப் பாடவேளைகளில் சிறப்பு அனுமதியோடு சூளையின் முன் அமர்ந்தேன். எஸ்தர் மிஸ் எனக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தார்கள். "மங்கை, நீதான்டி என் சாட்சி. நான் எதையும் தப்பாப் பண்ணலைன்னு எழுது" என்றார்கள். பஸ்ஸுக்கு நேரமானதும் ஓடினார்கள்.

12.40: 31 டிகிரி.
1.30: 124.
2.30: 290.
3.30: 458. எண்கள் சிவப்பாக ஒளிர்கின்றன.
4.30: 612. சீராக ஏறுகிறது. குறை ஒன்றும் இல்லை.

4.35க்கு எழுந்து சுவிட்ச் அறைக்குப் போய் என் கடமையைச் செய்தேன். பதிவேட்டில் கையெழுத்திட்டேன். ஜாமெட்ரி பாக்ஸைச் சூளை அறையிலேயே விட்டுவிட்டது நினைவுக்கு வந்து திரும்பிப் போனேன்.

4.41:

ஜாமெட்ரி பாக்ஸ் கிடைத்துவிட்டது.

ஜனவரி 28, செவ்வாய்

மழை இல்லை. தமிழ்ப் பாடத்தில் அணி இலக்கணம் நடத்தினார்கள். மதியம் புளிசாதம்.

ஜனவரி 29, புதன்

சூளை திறந்தார்கள். பொடி.

குழு என் வெப்பநிலை அட்டவணையைக் கேட்டது. கொடுத்தேன். 4.30 வரை அதில் உள்ளது அனைத்தும் உண்மை.

"பாரு, அறுநூறு வரைக்கும் ஜம்முனு ஏறியிருக்கு. மெஷின்ல கோளாறே இல்ல. அப்போ பண்றவங்ககிட்டதான் கோளாறு" என்றார் நாகரத்தினம் சார்.

எஸ்தர் மிஸ் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டின் பக்க எண்ணைப் பார்த்தேன். 31.

சாயங்காலம் அம்மா, "ஏன்டி, இன்னைக்கு ஹால்ல லைட்டு எரியுது, நீ பாட்டுக்கு உக்காந்திருக்க. உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

ஜனவரி 30, வியாழன்

தலைமையாசிரியை அறிக்கையைச் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"தண்ணீர், திசை, தெய்வ அனுகூலம் ஆகிய அனைத்தும் பரிசீலிக்கப்பட்டன. கைத்தொழில் ஆசிரியையின் அனுபவக் குறைவே காரணம் எனக் குழு கருதுகிறது. அடுத்த கல்வியாண்டுக்கு அவரது பணி நீட்டிப்பு பரிந்துரைக்கப்படவில்லை. விருந்தினர்களுக்குச் சில்வர் டம்ளர் வழங்கலாம்."

கையெழுத்து மிக அழகாக வந்தது. அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. நாளை கையொப்பம்.

திரும்பும் வழியில் ஷமீமாவிடம் சொல்லிவிட்டேன். ஜாமெட்ரி பாக்ஸை எடுக்கப் போனபோது சூளையின் சிவப்பு எண்கள் அணைந்திருந்ததை. உள்ளே இன்னும் கணகணவென்று அனல் இருக்க, முகப்பு மட்டும் இருட்டாக இருந்ததை. திரும்ப ஓடிப்போய் மெயினைப் போட்டபோது எண்கள் 0000 என்று வந்து, மேலே ஏறாமல் அப்படியே நின்றதை. மூன்று வாரமாக, சூளை ஓடிய ஒவ்வொரு நாளும் அறுநூறு டிகிரியில் அதை நிறுத்தியது நான்தான் என்பதை.

"இப்பத்தான் தெரியுதா? பொங்கலுக்கு அப்புறமே சொன்னேன்ல?"

"நீ கிண்டலுக்குத்தானே சொன்ன?"

"கிண்டலுக்குத்தான். ஆனா நீ நோட்டுல எழுதிக்கிட்டியே, அது யாரு தப்பு?"

அது உண்மை. 23: தொடர்பற்றது.

"தனி மின்இணைப்புன்னு கல்வெட்டுல போட்டிருக்குடி" என்றேன்.

"கல்வெட்டுல கரண்டு வராது."

பதக்கத்தைப் பற்றியும் சொன்னேன். நான் வாயைத் திறந்தால் பதக்கம் போகும், கேடயம் போகும், காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். ஷமீமா வழியில் கிடந்த ஒரு கல்லை உதைத்தாள். பிறகு, "எஸ்தர் மிஸ்ஸுக்குப் பதக்கமெல்லாம் வேணாம்டி, வேலைதான் வேணும்" என்றாள்.

ஜனவரி 31, வெள்ளி

நடந்ததை நடந்தபடி.

மதியம் மூன்று மணிக்குக் குழு கூடியது. எஸ்தர் மிஸ்ஸையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார்கள். தலைமையாசிரியை பச்சை மைப் பேனாவைத் திறந்தார்கள்.

"மிஸ், அறிக்கையில் ஒரு விடுபாடு இருக்கிறது" என்றேன். புத்தகத் தமிழில்தான் வந்தது. பயந்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

"என்னம்மா விட்டுட்ட?"

"4.35க்கு மேல் உள்ளதை."

சுவிட்ச் அறைப் பதிவேட்டை மேசையில் வைத்தேன். ஜனவரி 8, புதன், 4.35. ஜனவரி 10, வெள்ளி, 4.34. ஜனவரி 20, திங்கள், 4.31. சூளை ஓடிய ஒவ்வொரு நாளும் அதில் இருந்தது. ஜனவரி 16 மட்டும் இல்லை.

முதலில் புரிந்துகொண்டது எஸ்தர் மிஸ். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்கள்.

"நீயா? நாலு சோதனைடி மங்கை! ஃபிரிட்டை மாத்தினேன், தண்ணியை மாத்தினேன், ஃபர்னஸை கிழக்கால திருப்பினாங்க, வாயை மூடிக்கிட்டு இருந்தேன். வேளாங்கண்ணிக்கு மெழுகுவத்தி வேற வேண்டிக்கிட்டேன்! நீ பாட்டுக்கு வந்து தினம் படக்குனு…"

பிறகு சிரித்தார்களா அழுதார்களா என்று என்னால் உறுதியாக எழுத முடியவில்லை. இரண்டும் இருந்தன.

"ஃபர்னஸுக்குத் தனி லைன் ஆச்சே. ஃபைல்ல இருக்கு" என்றார் நாகரத்தினம் சார்.

வாசலில் டீயோடு நின்ற பாவாடை அண்ணன் சொன்னார்: "ஃபைல்ல இருக்கு சார். செவுத்துல இல்ல. ஒயரு இழுக்க வந்தவங்க கல்வெட்டை மாட்டிட்டுப் போயிட்டாங்க. நான் அன்னைலேர்ந்து சொல்ல வர்றேன், டீ வாங்கிட்டு வாங்க டீ வாங்கிட்டு வாங்கன்றீங்க."

தலைமையாசிரியை பதிவேட்டின் பக்கங்களை மெல்லப் புரட்டினார்கள். ஒவ்வொரு வாரத்தின் கடைசியிலும் பச்சைக் கையெழுத்து.

"இது…"

"உங்க கையெழுத்துதான் மிஸ்."

"தெரியுது." பதிவேட்டை மூடினார்கள். "சுற்றறிக்கையும் நான்தான் போட்டேன், இல்ல?"

"ஆமாம் மிஸ். நான் அதை அப்படியே கடைப்பிடித்தேன்."

"அதான் கஷ்டமே. இது வரைக்கும் யாருமே கடைப்பிடிச்சதில்ல."

பிறகு குழு மிக வேகமாகச் செயல்பட்டது. இந்த மாதத்திலேயே இவ்வளவு வேகத்தை நான் பார்க்கவில்லை. அனுபவக் குறைவு என்பது நீக்கப்பட்டது. பணி நீட்டிப்பு பரிந்துரைக்கப்பட்டது. தலைமையாசிரியை சொன்னார்கள்: "எழுதிக்கோ. தவிர்க்க இயலாத மின்தடையே காரணம்."

"தவிர்த்திருக்கலாம் மிஸ்."

"அருள்மங்கை, நீ நல்ல பொண்ணு. நல்ல பொண்ணு எல்லாத்தையும் சொல்லணும்னு இல்ல."

நான் எழுதினேன்: "மின்தடையே காரணம். மின்தடை செய்தவர்: கு. அருள்மங்கை, ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு. சுற்றறிக்கையின்படி." நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். தலைமையாசிரியை வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்திட்டார்கள். பச்சை மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தேன்.

சாவியைப் பாவாடை அண்ணனிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தேன். கழுத்து லேசாக இருக்கிறது. பிடிக்கவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

முப்பது தட்டுகள். கழுவித் துடைத்துப் புதிதாகக் கரைசல் பூசியவை. போர் தண்ணீர்தான். நாகரத்தினம் சார் இல்லாத நேரமாகப் பார்த்துக் கலக்கினோம்.

எஸ்தர் மிஸ் கடைசி பஸ்ஸைப் பிடிப்பதாகச் சொல்லி இருந்துவிட்டார்கள். நானும் அப்பாவிடம் அனுமதி வாங்கி இருந்தேன். அப்பா வண்டியோடு கேட்டில் நின்றார்.

4.30: 609. நான் கைகளைக் கட்டிக்கொண்டேன்.
5.30: 742.
6.30: 861. இந்த எண்களை நான் பார்ப்பது இதுவே முதல்முறை.
7.30: 958. பாவாடை அண்ணன் டப்பாவை மேலே வைத்தார்.
8.05: 1000. டக்கென்று தானாக நின்றது.

பாவாடை அண்ணன் டப்பாவைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "யம்மா! நாக்கு வெந்துடும் போல." அவ்வளவு மகிழ்ச்சியான மனிதரை நான் அண்மையில் பார்க்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

முப்பதும் நின்றன. ஒரு தட்டில் மட்டும் கரைசல் தடிமனாகப் பூசப்பட்டதால் விளக்கு கருத்துவிட்டது. அது நான் பூசியது. எஸ்தர் மிஸ் அதைத் தனியாக எடுத்து, "இது உனக்கு" என்றார்கள். மேடைக்கு ஒன்று குறைந்தது. பொங்கல் தட்டை வைத்து ஈடுகட்டினோம்.

பிப்ரவரி 6, வியாழன்

பவள விழா. சிறப்பு விருந்தினர் உண்மையாகவே வெள்ளை வேட்டியில் வந்தார். தட்டை வாங்கியதும் கட்டைவிரலால் விளக்கின் மேல் அழுத்தித் தேய்த்தார். மேடையில் தலைமையாசிரியை மூச்சை நிறுத்திவிட்டார்கள். முந்தானைக்குள் ஒரு ஈரக் கைக்குட்டை தயாராக இருந்ததை நான் பார்த்தேன். விருந்தினர் விரலைத் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

தலைமையாசிரியை உரையில், நிர்வாகத்தின் இடைவிடாத கண்காணிப்பால் இது சாத்தியமானது என்றார்கள். நாகரத்தினம் சார் தண்ணீரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். எஸ்தர் மிஸ் பெயர் நன்றியுரையில், மைக் செட்காரருக்கு அடுத்து வந்தது. ஆனால் அவர்களின் கைப்பைக்குள் நீட்டிப்பு ஆணை இருந்தது. என்னிடம் காட்டினார்கள். பச்சை மை.

எங்கள் மேடையிலேயே வழங்கிய மாவட்ட மின்சிக்கனக் கேடயம் வேறொரு பள்ளிக்குப் போய்விட்டது. எனக்குப் பதக்கம் இல்லை. இதையும் எழுத வேண்டும்: மேடையில் அந்தப் பள்ளியின் படைத்தலைவிக்குப் பதக்கம் போட்டபோது நான் கைதட்டவில்லை. அவர்கள் பள்ளியில் சூளையே இல்லை.

எல்லோரும் போன பிறகு பாவாடை அண்ணன் சாவியை நீட்டினார். "இந்தாம்மா. எனக்கு இது எந்தப் பக்கம் திருப்புறதுன்னு மறந்து மறந்து போவுது. நீயே அணைச்சுடு."

நேராகச் சுவிட்ச் அறைக்குப் போகவில்லை. முதலில் ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று கேட்டேன்: "யாராவது இருக்கீங்களா? ஏதாவது ஓடுதா?" சூளை அறையில் கையை வைத்துத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. ஆய்வகத்தில் யாரும் இல்லை. கழிவறைப் பக்கம் நின்று இருமுறை கேட்டேன்.

அலுவலக அறையில் தலைமையாசிரியை தனியாக உட்கார்ந்து, விசாரணை நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தொன்பதாம் பக்கத்தில் இருந்தார்கள். கடைசிப் பக்கத்துக்கு இன்னும் நான்கு பக்கம்.

"இருக்கேன்மா" என்றார்கள், நிமிராமல்.

வாசலில் காத்திருந்தேன். நான்கு பக்கமும் படித்து முடித்தார்கள். என்னை ஒருமுறை பார்த்தார்கள். நோட்டை மூடி, பேனாவை மூடி, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

6.52. விளக்குகள் அணைக்கப்பட்டன.